பஸ்ஸா, கோச்சியா (ரயிலா), வேனா? மலையகம் சுற்ற வருகிறவர்கள் பணம் கட்டுவதற்கு முன்

யாழ்ப்பாணத்திலோ மட்டக்களப்பிலோ கொழும்பிலோ இருக்கிற சொந்தக்காரர்கள் மலையகம் வரத் தீர்மானித்துவிட்டால், பண்டாரவளைக்காரனான எனக்கு முதலில் வந்து சேருவது வாட்ஸ்அப்பில் ஒரு படம். ஏதோ ஒரு டூர் கம்பனியின் நோட்டீஸ். நாலு நாள், மூன்று இரவு, ஏசி பஸ், வழிகாட்டி, மூன்று வேளைச் சாப்பாடு, 'எழில் கொஞ்சும் மலை ரயில் பயணம்' என்று கொட்டை எழுத்தில். கீழே ஒரு வரி: "இது சரிவருமா எண்டு பாத்துச் சொல்லும் தம்பி."

சரிவருமா என்பது யார் வருகிறார்கள் என்பதைப் பொறுத்தது. அதற்கு முன் ஒன்று சொல்லிவிடுகிறேன். எல்லோரும் ஹோட்டலைத்தான் ஒப்பிடுகிறார்கள். இந்தக் கம்பனி பதினெட்டு இடம் காட்டுகிறது, அந்தக் கம்பனி இருபத்திரண்டு இடம் காட்டுகிறது என்று எண்ணிக்கையை ஒப்பிடுகிறார்கள். நான் நோட்டீஸில் தேடுவது வேறு: எந்த நிலையத்தில் ரயிலில் ஏற்றுகிறார்கள், எந்த நிலையத்தில் இறக்குகிறார்கள். அது எழுதப்படாத நோட்டீஸை நம்பிப் பணம் கட்டாதீர்கள் என்பேன்.

வழிகள் மூன்று. வழிகாட்டியோடு பஸ்ஸில் போகும் கூட்டுச் சுற்றுலா, நடுவில் ஒரு துண்டு ரயில். அல்லது குடும்பத்துக்கென்று ஒரு வேன் பிடித்து, நமக்குப் பிடித்த இடத்தில் கோச்சியில் ஏறி இறங்குவது. அல்லது முழுக்க ரயிலும் ஊர் பஸ்ஸும். மூன்றுமே நல்ல வழிதான், ஆளுக்கேற்றபடி.

றோட்டு காட்டும் மலையகம் வேறு, ரயில் காட்டும் மலையகம் வேறு

கொழும்பு கோட்டையிலிருந்து பதுளை வரை சுமார் 290 கிலோமீற்றர் ரயில் பாதை. 1867 இல் கண்டியைத் தொட்டது, 1885 இல் நானுஓயாவுக்கு ஏறியது, பதுளைக்குப் போய்ச்சேர 1924 ஆகிவிட்டது. ஆட்களை ஏற்றி இயற்கை காட்டப் போட்ட பாதை அல்ல. கோப்பி மூட்டைகளைத் துறைமுகத்துக்கு இறக்கப் போட்டது. கண்டிக்கு ரயில் வந்த அதே 1867 இல்தான் லூல்கந்துர தோட்டத்தில் ஜேம்ஸ் டெய்லர் தேயிலை நட்டார். கொஞ்ச வருடத்தில் நோய் வந்து கோப்பி அழிந்தது. கோப்பிக்குப் போட்ட தண்டவாளத்தில் தேயிலைப் பெட்டிகள் இறங்கின.

இதை ஏன் சொல்கிறேன் என்றால், பாதை தோட்டங்களைத் தேடிப் போகிறது, ஊர்களைத் தேடி அல்ல. நுவரெலியா நகரத்துக்கே ரயில் கிடையாது. எட்டு கிலோமீற்றர் தள்ளி நானுஓயாவில் இறங்கி ஓட்டோவோ பஸ்ஸோ பிடிக்க வேண்டும். அதனால் ஒரே இரண்டு ஊர்களுக்கு இடையில்கூட றோட்டும் ரயிலும் வெவ்வேறு மலைகளைச் சுற்றிப் போகின்றன.

கண்டியிலிருந்து நுவரெலியாவை எடுத்துக்கொள்ளுங்கள். றோட்டு கம்பளை, புசல்லாவை, றம்பொடை வழியாக ஏறும். கொத்மலை நீர்த்தேக்கம் கீழே விரிந்து கிடக்கும், றம்பொடை நீர்வீழ்ச்சி பக்கத்திலேயே விழும், அனுமார் கோயில் இருக்கிறது, தேயிலை ஃபெக்டரிகள் றோட்டோரத்திலேயே இருக்கின்றன. ரயிலோ நாவலப்பிட்டி, வட்டவளை, ஹட்டன், கொட்டகலை, தலவாக்கலை என்று மேற்குப் பக்கமாக வளைந்து போகும். ஹட்டனுக்கும் கொட்டகலைக்கும் இடையில் சிங்கமலைச் சுரங்கம், இந்தப் பாதையிலேயே நீளமானது. தலவாக்கலையை நெருங்கும்போது சென் கிளையர் அருவி தெரியும். மேல் கொத்மலை மின்திட்டம் வந்த பிறகு அதில் பழைய தண்ணீர் இல்லை, ஆனாலும் பார்க்கலாம். இந்த ஹட்டன் பக்கத்தைப் பெரும்பாலான பஸ் டூர்கள் தொடுவதே இல்லை. மலையகத் தமிழர் நெருக்கமாக வாழும் பகுதியை விட்டுவிட்டு மலையகம் பார்த்தோம் என்று திரும்புகிறவர்கள்தான் அதிகம்.

நுவரெலியாவிலிருந்து எல்லவுக்கும் இதே கதை. றோட்டில் போனால் சீத்தா எலிய அம்மன் கோயில், ஹக்கலைப் பூங்கா, வெலிமடை மரக்கறித் தோட்டங்கள், அப்புறம் பண்டாரவளை. ரயிலில் போனால் அம்பேவெல, பட்டிப்பொல, ஓஹியா, இதல்கஸ்ஹின்ன, அப்புத்தளை. பட்டிப்பொலதான் நாட்டின் மிக உயரமான நிலையம், 1,890 மீற்றருக்கும் மேலே. அதைத் தாண்டி ஒரு சுரங்கம் வரும். உள்ளே போகும்போது மழை, வெளியே வரும்போது வெயில் என்று இங்கே சொல்வார்கள். தினமும் நடக்காது, ஆனால் நடக்கும்போது பெட்டி முழுக்க ஒரு 'ஆ' கேட்கும். அந்தச் சுரங்கத்துக்கு இந்தப் பக்கம் நுவரெலியா மாவட்டம், அந்தப் பக்கம் பதுளை மாவட்டம். மலையின் முதுகைத் தாண்டி ஊவா மாகாணத்துக்குள் இறங்குகிறீர்கள். இதல்கஸ்ஹின்னவில் ஒடுங்கிய மலைமுகட்டின் மேல் நிலையம் உட்கார்ந்திருக்கும், இரண்டு பக்கமும் பள்ளம். இடது பக்க சீட்டா வலது பக்க சீட்டா என்று சண்டை பிடிக்கத் தேவையில்லாத இடம் அது.

ஆகவே பஸ்ஸும் ரயிலும் கலந்த டூர் என்பது வெறும் விளம்பர உத்தி அல்ல. நன்றாகக் கோர்த்தால் இரண்டு மலையகத்தையும் பார்த்துவிடலாம். கண்டியிலிருந்து றம்பொடை வழியாக பஸ்ஸில் ஏறுங்கள். நுவரெலியாவில் தங்கும் அன்று மாலையே ஹக்கலையையும் அம்மன் கோயிலையும் முடித்துக்கொள்ளுங்கள். மறுநாள் நானுஓயாவில் கோச்சி ஏறுங்கள். பஸ் வெறுமையாக வெலிமடை வழியாகப் போய் மறுபக்கம் காத்திருக்கும். பைகள் எல்லாம் பஸ்ஸிலேயே போய்விடும். முட்டி வலிக்காரர்கள் கையை வீசிக்கொண்டு ஏறலாம். தனியாகப் போகிறவர்களுக்கு இந்த வசதி கிடையாது. கூட்டுச் சுற்றுலாவின் பெரிய பலம் இதுதான், ஏசியும் பஃபேயும் அல்ல.

எங்கே இறக்கிவிடுகிறார்கள்?

நோட்டீஸ்களில் அட்டைப்படமாகப் போடுவது ஒன்பது வளைவுப் பாலத்தை. 1921 இல் கட்டி முடித்த பாலம். இரும்பு இல்லாமல் கல்லும் செங்கல்லும் சீமெந்தும் வைத்துக் கட்டியது. படத்தில் நீல நிற ரயில் அதன் மேல் போய்க்கொண்டிருக்கும். அதைப் பார்த்துவிட்டு, நாமும் அந்தப் பாலத்தில் போகப்போகிறோம் என்று எல்லோரும் நினைப்பார்கள். விஷயம் என்னவென்றால், பாலம் எல்லவுக்கும் தெமோதரவுக்கும் நடுவில் இருக்கிறது. நானுஓயாவில் ஏறி எல்லவில் இறங்குகிறவர் பாலத்தைத் தொடவே மாட்டார். அவரைப் பிறகு ஓட்டோவில் கொண்டுபோய், கீழே நின்று பாலத்தைப் படம் எடுக்க வைப்பார்கள். அதுவும் அழகுதான். ஆனால் ரயிலில் பாலத்தைக் கடந்தோம் என்ற பேச்சுக்கு இடமில்லை.

ஒரு நிலையம் தள்ளி இறங்கினால் இது தீரும். தெமோதர எல்ல-பதுளை றோட்டுக்குப் பக்கத்தில்தான் இருக்கிறது, பஸ்ஸை அங்கே வரச் சொல்லலாம். இன்னும் ஆசை இருந்தால் பதுளை வரை போங்கள். தெமோதர நிலையத்தை விட்ட ரயில் மலையை ஒரு சுற்றுச் சுற்றி, அதே நிலையத்துக்கு அடியில் உள்ள சுரங்கத்துக்குள் நுழைந்து வெளியே வரும். சற்றுமுன் நின்ற நிலையத்தின் காலடியில் போகிறோம் என்று பிள்ளைகளுக்கு முன்கூட்டியே சொல்லி வைத்தால் ஜன்னலை விட்டு நகர மாட்டார்கள். பதுளையில் துன்ஹிந்தை அருவி இருக்கிறது, முருகன் கோயிலுக்குக் கதிர்காமம் போகிறவர்களுக்கும் பதுளையிலிருந்து இறங்குவது சௌகரியம்.

வழிகாட்டிகள் எல்லவில் இறக்குவதற்குக் காரணம் நேரம். ரயில் பிந்தும். பிந்தாவிட்டால்தான் செய்தி. நானுஓயாவிலிருந்து எல்லவுக்கு அறுபது சொச்சக் கிலோமீற்றருக்கு இரண்டரை, மூன்று மணி நேரம் என்று கணக்கு வைத்தால், இன்னும் ஒரு மணி நேரத்தைக் கையில் வைத்திருக்க வேண்டும். பின்னேர அட்டவணையை இறுக்கிக் கட்டிய டூர் அந்த ஒரு மணி நேரத்தில் இடிந்து விழுந்துவிடும். மறுபடியும் அதே விஷயம்: இருபத்திரண்டு இடம் காட்டும் டூரைவிட பன்னிரண்டு இடம் காட்டும் டூர் நல்லது.

முதலாம் வகுப்பு என்ற மயக்கம்

கூட்டுச் சுற்றுலாக்காரர்கள் பெருமையாகச் சொல்வது, "ஃபர்ஸ்ட் கிளாஸ் ஏசி பெட்டி". காசு கூட, ஆகவே நல்லது என்று நினைக்கத் தோன்றும். அந்தப் பெட்டியில் ஜன்னல் திறக்காது. கண்ணாடிக்குப் பின்னால் உட்கார்ந்து, உங்கள் முகத்தின் நிழல் விழுந்த படங்களை எடுத்துக்கொண்டு வருவீர்கள். பட்டிப்பொல குளிரும் யூக்கலிப்டஸ் வாசமும் உள்ளே வராது. வெளியே பதினைந்து பாகைக் குளிர் இருக்கும்போது ஏசி எதற்கு என்று எனக்கு இன்னும் விளங்கவில்லை.

முன்பதிவு செய்த இரண்டாம் வகுப்புத்தான் என் தெரிவு. சீட் நிச்சயம், ஜன்னல் திறக்கும், மின்விசிறி சுழலும், வடைக்காரர் ஏறுவார். இறால் வடையோ பருப்பு வடையோ, பழைய கொப்பித் தாளில் மடித்துத் தருவதைக் கையில் வாங்கி, கூடவே ஒரு காய்ந்த மிளகாயைக் கடித்துக்கொண்டு போவதும் பயணத்தில் சேர்த்திதான். மூச்சுக் கோளாறு உள்ளவர்கள், கைக்குழந்தைக்காரர்கள் முதலாம் வகுப்புக்குப் போகலாம், அதில் நியாயம் இருக்கிறது. முன்பதிவில்லாத மூன்றாம் வகுப்பு இளவட்டங்களுக்கு. கூட்டத்தில் நசுங்கி நின்றாலும் வாசல் காற்று கிடைக்கும். ஆனால் வாசலில் தொங்கிப் படம் எடுக்கிற பழக்கம் வேண்டாம். பாறையும் சுரங்கச் சுவரும் சாண் தூரத்தில் உரசிக்கொண்டு போகும் பாதை இது. விழுந்து செத்தவர்கள் இருக்கிறார்கள்.

டிக்கெட்டில் இன்னொரு சங்கதி. முன்பதிவு பயணத் தேதிக்கு 30 நாளுக்கு முன்னால்தான் திறக்கும். திறந்த சில நிமிடங்களில் நல்ல ரயில்களில் சீட் முடிந்துவிடும். ஆகவே நாலு மாதத்துக்கு முன்னால் உங்களிடம் பணம் வாங்கிக்கொண்டு "ரயில் டிக்கெட் கன்ஃபர்ம்" என்று ஒருவர் சொன்னால், அவர் சொல்வது டிக்கெட்டை அல்ல, தன் நம்பிக்கையை. அதில் தப்பில்லை, முயற்சி செய்கிறேன் என்று சொன்னால் சரி. கேட்க வேண்டியது: கிடைக்காவிட்டால் என்ன செய்வீர்கள்? கிடைத்தாலும் முப்பது பேரும் ஒரே பெட்டியிலா, மூன்று பெட்டியில் சிதறியா? வயதானவர் ஒரு பெட்டியிலும் அவரைக் கவனிக்கிற மருமகள் இன்னொரு பெட்டியிலும் என்று ஆகிவிட்டால், எல்ல வரும்வரை யாரும் மலையைப் பார்க்க மாட்டார்கள். நிலையத்துக்கு வெளியே மடங்கு விலைக்கு டிக்கெட் விற்கிறவர்களிடம் போகவே வேண்டாம். டிக்கெட்டில் இருக்கும் அடையாள அட்டை எண் உங்களுடையதாக இருக்காது.

பஸ்ஸைப் பற்றி

பெரிய பஸ் என்றால் சொகுசு என்று ஒரு எண்ணம். மலையில் அது பாதிதான் உண்மை. நாற்பத்தைந்து பேர் ஏறும் பஸ் றம்பொடை வளைவுகளில் மூச்சு வாங்கும். அப்புத்தளைக்கு மேலே தம்பேதன்னை தோட்டத்தின் உச்சியில் உள்ள லிப்டன் சீட் என்ற காட்சிமுனைக்கு அது ஏறாது. அங்கே வேன் அல்லது ஓட்டோதான். இருபத்தைந்து, முப்பது பேருக்கு ரோசா, கோஸ்டர் போன்ற ஒரு சின்ன பஸ் போதும். குழு அதற்கு மேல் பெருத்தால் இரண்டு சின்ன பஸ் கேளுங்கள். முன் சீட்டுகளை வாந்திக்காரர்களுக்கு விட்டுக்கொடுங்கள், மருந்தை ஏறுவதற்கு முன்பே போடுங்கள், வளைவு தொடங்கிய பிறகு போட்டுப் பிரயோசனம் இல்லை.

இன்னொன்று கொஞ்சம் கண்டிப்பாகவே சொல்ல வேண்டும். 2025 மே மாதம் கொத்மலை கரண்டி எல்லவில் விடிவதற்கு முன் ஒரு பஸ் பள்ளத்தில் விழுந்து இருபதுக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். அதே வருடம் செப்டெம்பரில் எல்ல-வெல்லவாய றோட்டில் இரவு நேரம் சுற்றுலா வந்த ஒரு பஸ் பள்ளத்தில் விழுந்து பலர் இறந்தார்கள். ஒரு நாள் ஹோட்டல் செலவை மிச்சம் பிடிக்க இராத்திரி முழுக்க ஓடி விடிய வந்து சேரும் டூர்களை நான் யாருக்கும் சிபாரிசு செய்வதில்லை. மலை றோட்டில் பொழுதுபட்ட பிறகு பஸ் ஓடாது என்று எழுத்தில் கேளுங்கள். சாரதி ஒருவரா இருவரா என்றும் கேளுங்கள். இந்தக் கேள்விகளுக்குச் சிரித்து மழுப்புகிறவரிடம் முன்பணம் கொடுக்காதீர்கள்.

வழிகாட்டிக்குத் தமிழ் தெரியுமா?

தமிழ்க் குழுவுக்குச் சிங்களமும் ஆங்கிலமும் மட்டும் தெரிந்த வழிகாட்டியைத் தருவது சாதாரணமாக நடக்கிறது. அவர் நல்லவராக இருப்பார், நேரத்துக்கு எழுப்புவார், தலதா மாளிகையில் வரிசையைக் குறைத்துத் தருவார். ஆனால் தோட்டத்துக்குள் வந்ததும் கதை மாறும்.

புசல்லாவைக்கு மேலே றோட்டோரம் ஒரு குழுவை இறக்கிவிட்டிருந்தார்கள். வழிகாட்டி டெய்லர் காலத்திலிருந்து தொடங்கி, எந்த உயரத்தில் எந்தத் தேயிலை என்று ஆங்கிலத்தில் விளக்கிக்கொண்டிருந்தார். கூட்டத்திலிருந்து ஒரு வயதான அம்மா நழுவி, கொழுந்து எடுத்துக்கொண்டிருந்த பெண்ணிடம் போனார். "பிள்ளை, இது எந்தத் தோட்டம்? இண்டைக்கு எத்தினை கிலோ எடுத்தனீங்கள்?"

அந்தப் பெண் கையை நிறுத்தவில்லை. "காலையில எட்டுக் கிலோ நிறுத்தாச்சுங்கம்மா. பனி எறங்குனா கஷ்டம். நீங்க யாழ்ப்பாணமா? பேச்சுலயே தெரியுது."

"ஓம் பிள்ளை. அட்டை கடிக்காதே உங்களுக்கு?"

"கடிக்கும். சவுக்காரம் பூசிக்கிட்டு வருவோம். நீங்க அங்க புல்லுல நிக்காதீங்க, இப்பிடி மேல வாங்கம்மா."

அந்த அம்மா அப்படியே அங்கே நின்றுவிட்டார். வழிகாட்டி வந்து கூப்பிட்டுத்தான் பஸ்ஸுக்குப் போனார். தமிழ் தெரிந்த வழிகாட்டி இருந்தால் இந்தப் பேச்சு முழுக் குழுவுக்கும் கிடைத்திருக்கும். மலையகத் தமிழரின் முன்னோர் தென்னிந்தியாவிலிருந்து தோட்ட வேலைக்கு வந்து 200 வருடம் ஆனதை நினைவுகூர 2023 இல் தலைமன்னாரிலிருந்து மாத்தளை வரை நடந்தே போனார்கள். அந்தக் கதை தெரிந்த ஒருவர் பஸ்ஸில் மைக்கைப் பிடித்தால் ரம்மியமான பசுமை என்பதோடு நிறுத்த மாட்டார். கம்பளைக்குப் பக்கத்தில் பழைய பீக்கொக் தோட்டத்தில், ஒரு லயத்தையே, அதாவது தொழிலாளர் வரிசை வீட்டையே, அருங்காட்சியகமாக்கித் தேயிலைத் தொழிலாளர் வாழ்க்கையைக் காட்டுகிறார்கள். எனக்கு வந்த எந்த டூர் நோட்டீஸிலும் அதைக் கண்டதில்லை. மசாலாத் தோட்டமும் மாணிக்கக் கடையும் தவறாமல் இருக்கும். கமிஷன் அங்கே இருக்கிறது. அந்த இரண்டில் ஒன்றையாவது வெட்டச் சொல்லுங்கள், அந்த நேரத்தில் அருங்காட்சியகம் போகலாம். குடும்ப வேன் என்றால் யாரிடமும் கேட்கவே தேவையில்லை.

வேனும் தனிப் பயணமும்

ஆறு, எட்டுப் பேர் என்றால் நான் யோசிக்காமல் வேன் என்பேன். ஒரு கே.டி.எச். வேன் பிடித்தால் பாட்டிக்கு ஒன்றுக்கு வந்தால் நிறுத்தலாம், ஹட்டனில் சைவக் கடையைக் கண்டால் இறங்கலாம், மூடுபனி விலகும்வரை அரை மணி நேரம் சும்மா நிற்கலாம். வேன்காரர் உங்களை ஹட்டனில் ரயில் ஏற்றி அப்புத்தளையிலோ பண்டாரவளையிலோ வந்து எடுப்பார். பஸ் டூருக்குக் கிடைக்கிற பைச் சுமை வசதி அப்படியே உங்களுக்கும் கிடைக்கும். செலவு எட்டுப் பேருக்குப் பிரிந்தால் கூட்டுச் சுற்றுலாவுக்குப் பக்கத்தில் வந்து நிற்கும், சாரதியின் சாப்பாட்டையும் தங்குமிடத்தையும் யார் பார்ப்பது என்று முதலிலேயே பேசிவிட்டால்.

குறை என்னவென்றால், அறை, டிக்கெட், சாப்பாடு எல்லாம் வீட்டில் ஒருவர் தலையில் விழும். அந்த ஒருவர் நாலு நாளும் போனும் கையுமாக இருப்பார். உங்கள் குடும்பத்தில் அது எப்போதும் ஒரே ஆள்தான் என்றால், இந்த முறை அவருக்கும் விடுமுறை கொடுக்க எண்ணினால், கூட்டுச் சுற்றுலாவுக்குப் போங்கள். இது சின்ன விஷயம் இல்லை.

முழுக்க ரயிலும் ஊர் பஸ்ஸும் என்பது இரண்டு, மூன்று இளவட்டங்களுக்கு. காசு மிகக் குறைவு, அனுபவம் நிறைய. முதுகில் பை, கையில் தண்ணீர்ப் போத்தல், அவ்வளவுதான். பதுளைக்குப் போகும் எல்லா ரயிலும் கண்டிக்குள் வருவதில்லை, சிலவற்றுக்குப் பேராதனைச் சந்தியில் ஏற வேண்டும். இதை மட்டும் நினைவில் வையுங்கள். ஓஹியாவில் இறங்கி ஹோர்ட்டன் சமவெளிக்குப் போகிற திட்டம் இருந்தால் விடிகாலைக்குள் உள்ளே நுழையப் பாருங்கள், ஒன்பது பத்து மணிக்கு மேல் 'உலக முடிவு' என்ற செங்குத்துப் பள்ளம் பனிக்குள் மறைந்துவிடும்.

எந்த மாதம்?

தென்மேற்குப் பருவமழை மே தொடக்கம் செப்டெம்பர் வரை ஹட்டன், நுவரெலியாப் பக்கத்தை நனைக்கும். அப்போது ஊவாப் பக்கம், அதாவது அப்புத்தளை, பண்டாரவளை, எல்ல காய்ந்திருக்கும். ஜூலை, ஓகஸ்ட் மாதங்களில் அந்தக் காய்ந்த காற்றில்தான் ஊவாத் தேயிலைக்கு மணம் ஏறும் என்பார்கள். வடகீழ்ப் பருவம் திரும்பும்போது ஊவா நனையும், ஜனவரிக்குப் பிறகு ஹட்டன், தலவாக்கலைப் பக்கம் வெளிக்கும், அங்கே நல்ல கொழுந்து அப்போதுதான். ஆக, தேயிலைக்கு நல்ல காலம் எதுவோ ஜன்னலுக்கும் அதுவே. ஜூலையில் வருகிறவர்கள் நானுஓயாவுக்குக் கிழக்கே கூடுதல் நாள் வையுங்கள். பெப்ரவரி, மார்ச்சில் வருகிறவர்கள் ஹட்டன் பக்கத்துக்கு நாளைக் கூட்டுங்கள். டிசம்பர் முதல் மே வெசாக் வரை சிவனொளிபாதமலை யாத்திரைக் காலம், விடுமுறைக்கு முந்தைய நாட்களில் ஹட்டன் ரயில்களில் நிற்க இடம் இருக்காது. ஏப்ரலில் நுவரெலியாவில் நடக்க இடம் இருக்காது. ஒக்டோபர், நவம்பர் இரண்டு பக்கமும் மழை, மண்சரிவுக் காலமும் அதுதான். வயதானவர்களோடு அப்போது வேண்டாம்.

2025 நவம்பர் கடைசியில் டித்வா புயல் வந்து கண்டி, நுவரெலியா, பதுளை மாவட்டங்களைப் புரட்டிப் போட்டது. மலையக ரயில் பாதையும் பல இடங்களில் மண்சரிவில் உடைந்தது. அதனால் பழைய நோட்டீஸ்களை நம்பிப் போகாமல், நீங்கள் வரும் வாரத்தில் எந்தத் துண்டில் ரயில் ஓடுகிறது என்பதை ரயில் திணைக்களத்திடமோ அந்தந்த நிலையத்திடமோ நேராகக் கேட்டு உறுதி செய்துகொள்ளுங்கள்.

கோயில் சங்கமாகவோ ஓய்வுபெற்ற ஆசிரியர்கள் குழுவாகவோ இருபது, முப்பது பேர் வந்தால், பாதிப்பேர் அறுபதைத் தாண்டியவர்கள் என்றால், கூட்டுச் சுற்றுலாதான். சின்ன பஸ், தமிழ் வழிகாட்டி, நானுஓயாவில் ஏறித் தெமோதரவில் இறங்கும் இரண்டாம் வகுப்பு டிக்கெட், மூன்று இரவாவது. குழுவில் லண்டன், கனடா உறவினர்கள் இருந்தால் கட்டணத்தைத் தனியாகக் கேளுங்கள். பேராதனைப் பூங்காவிலும் தலதா மாளிகையிலும் ஹோர்ட்டன் சமவெளியிலும் வெளிநாட்டுக் கடவுச்சீட்டுக்கு ஒரு விலை, நம் அடையாள அட்டைக்கு ஒரு விலை. 'நுழைவுக் கட்டணம் உள்ளடக்கம்' என்று எழுதியிருந்தாலும் எந்த விலை உள்ளடக்கம் என்று கேட்காவிட்டால் வாசலில் நின்று மாமாவும் மருமகனும் கணக்குப் பார்க்க வேண்டி வரும்.

அப்புறம், ரயில் ஓடாத நாளுக்கு என்ன ஏற்பாடு என்பதை ஒரு வரியாவது ஒப்பந்தத்தில் எழுதி வாங்குங்கள். ரயில் இல்லாவிட்டால் அந்தப் பங்கைக் குறைத்துத் தருவார்களா, பஸ்ஸிலேயே அப்புத்தளை வழியாகக் கொண்டுபோவார்களா, அல்லது ஒரு நாள் தள்ளிப்போடுவார்களா. மூன்றில் எது என்றாலும் பரவாயில்லை, எழுத்தில் இருக்க வேண்டும். எழுத மறுத்தால் அடுத்த கம்பனிக்குப் போன் எடுங்கள்.